சாலமோனிடம் சொல்லக் கூடாத வாக்கியம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒரு நகைச்சுவைத் துணுக்காக வந்திருக்க வேண்டியது. ஒரு பக்கம் எழுதி ஏதாவது வாரப் பத்திரிகைக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

நான் ஸ்ரீபெரும்புதூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பெயர் சத்யபாமா. வேலையும் சமையலும் போக மீந்த நேரத்தில் கதை எழுதுகிறவள். என் பக்கத்து நாற்காலி ரூத்துடையது. அவள் சுங்குவார்சத்திரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர்ப் பக்கம் டெலிபோன் வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு திடமான நம்பிக்கை இருந்தது. லைன் கிடைக்காததற்குக் காரணம் ஆபரேட்டரின் திமிர் என்பதே அது. ஆகவே திட்டுவார்கள். நான் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். ரூத்துக்கு ஒன்றும் ஆகாது. "கொஞ்சம் இருங்க சார்" என்பாள். அதே குரலில் அடுத்த லைனை எடுப்பாள்.

வேலை தொடங்குமுன் அவள் சிறிது நேரம் கண்ணை மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஜெபம் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் கேட்டேன்.

"ஜெபத்த வூட்லயே முடிச்சிட்டு வந்துடுவேன். இது வேற," என்றாள். "இன்னிக்கு யார் யார் கத்துவாங்கன்னு முன்னாடியே யோசிச்சு வெச்சுக்கறேன். அரிசி மில்காரர் கத்துவாரு. கத்தறது அவரு கையில இருக்குது. லைன் குடுக்கறது என் கையில இருக்குது. அதுக்கு மனசு நோவறதா வேணாமாங்கறதும் என் கையிலதான். பிரிச்சு வெச்சுகினா போதும்."

"இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தா உனக்கு?"

"காலேஜு."

சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் அவள் சரித்திரம் படிக்கப் போயிருக்கிறாள். இடம் இல்லை என்று தத்துவத்தில் தள்ளிவிட்டார்கள். படித்ததில் மற்றதெல்லாம் பரீட்சையோடு போய்விட்டது. ஒரு பாடம் மட்டும் தங்கிவிட்டது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் கிரேக்கத்திலும் ரோமிலும் இருந்த ஸ்டோயிக்குகள் என்ற கூட்டத்தாரைப் பற்றியது. அவர்களில் அடிமையும் உண்டு, அரசனும் உண்டாம். நடப்பதையெல்லாம் நாம் நடத்த முடியாது, நடந்ததை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதை மட்டும் நடத்த முடியும் என்றார்களாம். ரூத் அதை ஒரே வாக்கியமாகச் சுருக்கி வைத்திருந்தாள். பஸ் வராவிட்டாலும் சம்பளம் தாமதமானாலும் அதைத்தான் சொல்வாள்.

"நம்ம கையில இருக்கறத பாப்போம்."

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"போர்டில் விளக்கு எரிந்தது. ரூத் புன்னகைத்தாள்." [அவள் புன்னகைக்கவில்லை. எங்களுக்கு எதிரே இருப்பது சுவர். சுவரைப் பார்த்து யார் புன்னகைப்பார்கள்?]

"கிரேக்கத்து ஞானம் பாலாற்றங்கரைக்கு வந்து சேர்ந்த விதம் விந்தையானது. அதை அறிய வேண்டுமானால் நாம் —" [என் கணவர் ரங்கு இதைப் படித்துவிட்டு, "பேச்சுப் போட்டியா?" என்று கேட்டார். அந்த 'நாம்' அப்படியே அந்தரத்தில் நிற்கட்டும்.]

"அன்று பிற்பகல் வந்த அந்த அழைப்பை ரூத் எடுத்திருக்காவிட்டால் —" [எடுக்காவிட்டால் நான் எடுத்திருப்பேன். கதையில் இந்த மாதிரிப் பயமுறுத்தல் எனக்குப் பிடிக்காது. நடந்ததைச் சொல்கிறேன்.]

3

ஒரகடம் போகும் சாலையில் டிராக்டருக்கு மட்கார்டு அடித்துக் கொடுக்கும் சின்னத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. ரூத்தின் கணவர் சாலமோன் அங்கே தகடு அழுத்தும் பிரஸ்ஸை ஓட்டினார். நல்ல ஆகிருதி. சிரித்தால் மேஜை குலுங்கும். எந்தக் கல்யாணத்திலும் முதல் பந்தியில் இருப்பார். ரூத் அவரைக் கட்டிக்கொள்வதற்காக சி.எஸ்.ஐ. சபையிலிருந்து கத்தோலிக்க ஆர்.சி.க்கு மாறியவள். "கோயில்தான் மாறுச்சு, கடவுள் அதேதான்" என்பாள்.

அந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்த லைனை அன்று ரூத் எடுத்தாள். பேசியவர் ஆபீஸ் கிளார்க் கோபால். மறுமுனையில் இருப்பது யார் என்று அவருக்குத் தெரியாது.

"ஆஸ்பத்திரி குடும்மா, சீக்கிரம். ஒருத்தருக்குக் கை பிரஸ்ல மாட்டிகிச்சு."

"குடுக்கறேன் சார். ஆளு பேரு இன்னா? அங்க கேப்பாங்க."

"சாலமோன்."

ரூத் ஆஸ்பத்திரிக்கு லைன் போட்டாள். அவர்கள் எடுக்கும்வரை இருந்து, வண்டி புறப்படுகிறது என்று கேட்டுக்கொண்டாள். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவசர டிரங்க் கால் பதிந்தாள். பிறகுதான் ஹெட்செட்டைக் கழற்றினாள்.

"சத்யா, என் போர்டையும் பாத்துக்க. எங்க வூட்டுக்காரருக்கு அடிபட்டிருக்குது."

பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

என் முதல் பிரதியில் இந்த இடத்தில், "அவளுடைய கண்ணீர் சுவிட்ச் போர்டின் மீது சொட்டியது" என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ரூத் நிமிர்ந்து பார்த்தாள்.

"போர்டு மேல தண்ணி படக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"சரி, எடுத்துடறேன். அந்த நேரத்துல உன் ஸ்டோயிக்கெல்லாம் ஞாபகம் வந்துதா? அதையாவது சொல்லு."

"ஒண்ணும் வரல. எந்த ஓட்டையில எந்த பிளக்குன்னு பாத்துகினு இருந்தேன். அவ்ளோதான்."

(ஓர் இடைச்செருகல்: துணுக்காக இருந்த கதையை வீரக்கதையாக்கி இங்கேயே முடித்திருக்கலாம். டெலிபோன் இலாகாவில் இருந்துகூட யாரோ வந்து அவள் நிதானத்தைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். ஆனால் வீரம் காட்ட ஒரு பிற்பகல் போதும். அதற்குப் பின்னால் எத்தனையோ பிற்பகல்கள் வருகின்றனவே.)

4

வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

பிரஸ்ஸுக்குள் கை போகாமல் இருக்கக் கம்பித் தடுப்பு ஒன்று உண்டு. வேலை மெதுவாகிறது என்று சூப்பர்வைசர் ரகுபதி அதைக் கழற்றச் சொல்லியிருந்தார். சாலமோன் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். இது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? சாலமோன் கட்டுப் போட்ட கையோடு சுங்குவார்சத்திரத்து வீட்டில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ரகுபதி சைக்கிளில் வேலைக்குப் போவது அந்த ஜன்னலில் தெரியும்.

ஒரு காலை ரூத் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தார். எதையாவது சொல்லித் தேற்றலாம் என்று, பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"போனது போச்சுங்க. நம்ம கையில இருக்கறத பாப்போம்."

சாலமோன் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார்.

"எந்தக் கையிலமே?"

அவ்வளவுதான். மதியம் என்னிடம் சொல்லும்போது ரூத்தின் சாப்பாட்டு டப்பா திறக்காமலே இருந்தது. "இத்தினி வருசமா வெச்சிருந்தது ஒரே வாக்கியம் சத்யா. அது அந்த வூட்டுல செத்துப்போச்சு."

5

நான் இங்கே நிறைய நாள் மாட்டிக்கொண்டேன். காரணம் தமிழ்.

ரூத்துக்கு ஆறுதலாக ஒரு பத்தி எழுத உட்கார்ந்தேன். "வாழ்க்கை அவர்களைக் கைவிட்டது" என்று வந்தது. அடித்தேன். "நிலைமை கைமீறி" — அடித்தேன். "கைகொடுக்க யாரும்" — அடித்தேன். "எண்ணியது கைகூடும்" என்று நல்ல விதமாகத் திரும்பலாம் என்றால் அதிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. சரி, பழைய இலக்கியத்துக்குப் போவோம் என்றால், இழந்தவன் செய்வதறியாது நிற்பதற்கு நம் முன்னோர் வைத்த பெயரே கையறுநிலை. பேனாவை மூடிவிட்டேன். இவ்வளவு சொற்களில் கை இருக்கிறது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு மனிதனுக்கு முன்னால் பேசாமல் தவிர்க்க வேண்டி வரும்போதுதான் தெரிகிறது.

ரூத் என்னைவிடச் சீக்கிரம் வழி கண்டுபிடித்தாள். "நம்ம போர்டுல வர்ற லைன், வராத லைன். இனிமே அப்டிதான் நெனச்சுக்கப் போறேன்," என்றாள். ஆனால் நினைத்துக்கொள்ள மட்டும்தான். வீட்டில் அதையும் சொல்லவில்லை. ஊட்டிவிடுவதையும், பொத்தான் மாட்டிவிடுவதையும், அவர் கடுகடுத்தால் "சரிங்க" என்று நகர்ந்துவிடுவதையும் செய்துகொண்டிருந்தாள்.

6

அந்த "சரிங்க"தான் வினையானது.

சாலமோனோடு வேலை செய்த பலராமன் ஒரு ஞாயிறு பார்க்க வந்தார். சாப்பாட்டு நேரம். ரூத் வழக்கம்போலச் சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் நீட்டினாள். பலராமன் தலையைத் திருப்பிக்கொண்டார். மரியாதைக்காகத்தான் திருப்பினார். அதை சாலமோன் பார்த்துவிட்டார். அவர் இடது கையால் தட்ட, தட்டு சுவரில் மோதி விழுந்தது. பலராமன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ரூத் சோற்றைக் கூட்டி அள்ளினாள். "சரிங்க. அப்பறமா சாப்பிடுங்க."

"உனக்குக் கோவமே வராதா?"

அவள் துடைப்பத்தை எடுத்து மிச்சத்தைப் பெருக்கினாள்.

"கேக்கறன்ல? நான் தட்ட வுட்டெறியறேன், நீ பெருக்கிகினு கீற. அரிசி மில்காரனுக்கும் இதே கொரலு, எனக்கும் இதே கொரலு. நான் இன்னா டெலிபோன்ல கத்தறவனாமே?"

ரூத் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

பிறகு நடந்ததை அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுத்தான் நம்பினேன். அவள் கத்தியிருக்கிறாள். அந்தப் பிரஸ்ஸை, ரகுபதியை, அந்த மட்கார்டைப் போட்டுக்கொண்டு ஓடும் டிராக்டர்களை, தினமும் போர்டில் அந்தத் தொழிற்சாலை லைனைத் தானே எடுக்க வேண்டியிருப்பதை, எல்லாவற்றையும் சொல்லிக் கத்தியிருக்கிறாள். "கோயில் மாறி வந்தேனே, உங்க வாயால இதக் கேக்கறதுக்கா?" என்று அழுதிருக்கிறாள். எதிர்வீட்டு செங்கமலம் பயந்துபோய் ஓடி வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். திறந்தது சாலமோன். "ஒண்ணுமில்லக்கா. புருசன் பொஞ்சாதி பேசிகினு கீறோம்," என்றாராம், முகமெல்லாம் தெளிந்து.

கதவைச் சாத்திவிட்டு வந்து, அடிபட்ட நாளுக்குப் பிறகு முதல் தடவையாகத் தானாகவே சோறு கேட்டிருக்கிறார்.

7

ரூத் என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது இங்கேதான். கதை எழுதுகிறவள் என்ற முறையில் கேட்கிறேன்: கட்டி எழுப்பிய நிதானம் ஒரு தட்டில் உடைந்துவிட்டதென்றால், இது தத்துவம் தோற்ற கதையா? அப்படியானால் முதல் பகுதியை என்ன செய்வது? கிழித்துப் போடுவதா?

மறுநாள் அவளிடமே கேட்டேன்.

"தோத்தா தோத்துதுன்னு எழுதேன்," என்றாள். அன்று டப்பாவில் மீன் குழம்பு. நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். "ஆனா எனக்கு அப்டித் தோணல. அழுகையும் கோவமும் தும்மல் மாதிரி, தானா வர்றது. தும்மல நிறுத்துன்னு அந்த ஸ்டோயிக் ஆளுங்க சொல்லியிருக்க மாட்டாங்க. தும்மி முடிச்சப்பறம் இன்னா பண்றோம்ங்கறதுதான் நம்மளுது. நான் இத்தினி நாளா தும்மல அடக்கிகினு இருந்துட்டேன்."

"இது பாடத்துல இருந்துதா, நீயே சொல்றியா?"

"இருந்துதோ இன்னாவோ. பரீட்சைக்கு வராதுன்னு சொன்னாங்க, நான் படிக்கல."

(முதல் பகுதியைக் கிழிக்கவில்லை. நீங்களே பார்க்கிறீர்கள்.)

8

சாலமோனின் தங்கை செல்வமேரிக்கு வாலாஜாபாத்தில் கல்யாணம். அண்ணன்தான் முன்னால் நிற்க வேண்டும். அவர் வரமாட்டேன் என்றார். காரணம் வெறும் சாப்பாடு. வீட்டில் இடது கையால் உண்ணப் பழகிவிட்டார். பந்தியில், நாலு பேருக்கு நடுவில், இலைமேல் இடது கையை வைப்பதா? ஸ்பூன் வாங்கித் தருகிறேன் என்றாள் ரூத். ஸ்பூனோடு உட்கார்ந்தால் இன்னும் பார்ப்பார்கள் என்றார். அவள் வற்புறுத்தவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவரே வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"வேலைக்கு மின்னாடி கண்ண மூடிகினு யோசிப்பியே, யார் யார் இன்னா கத்துவாங்கன்னு. அத எனக்கும் பண்ணிக் குடு."

இருவரும் உட்கார்ந்து பந்தியையே நடத்திப் பார்த்தார்கள். சாலமோன் தரையில் சம்மணம் போட்டு இலைக்கு முன் உட்கார, ரூத் விருந்தாளிகள் எல்லோருமாக மாறி மாறி வந்தாள். அவருடைய சித்தி அந்தோணிமேரியாக வந்து மார்பில் அடித்துக்கொண்டாள்: "அய்யோ என் ராசா, உன்ன இப்டிப் பாக்கவா நான் உசுரோட கீறேன்?" குசுகுசுப்பவர்களாக வந்து குசுகுசுத்தாள். "மாமா, விரல் எங்க போச்சு?" என்று கேட்கும் குழந்தையாக வந்தாள். முதலில் அவர் முகம் இறுகியது. இரண்டாம் தடவை சித்தி வந்தபோது உதடு துடித்தது. மூன்றாம் தடவை மேஜை குலுங்குகிற அந்தச் சிரிப்பு வந்துவிட்டது.

"ரகுபதி வந்தா?" என்று ரூத் கேட்டாள்.

சிரிப்பு நின்றது. "அவன் வர மாட்டான்."

"வந்தா?"

"அத அப்ப பாத்துக்கலாம்."

அதற்கு மட்டும் ஒத்திகை இல்லை.

9

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். கோயிலுக்குப் பின்னால் பந்தல். பிரியாணி. பெருமாள் கைங்கரியம் செய்கிற குடும்பத்துப் பெண்ணுக்கு என்ன கொடுப்பது என்று திண்டாடி, ஓரமாக ஒரு மேஜை போட்டு எனக்கு வாழைப்பழமும் கலர் சோடாவும் வைத்திருந்தார்கள். அங்கிருந்து பந்தி முழுவதும் தெரிந்தது. ஆனால் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்ததால் பேச்சு எதுவும் கேட்கவில்லை. இதை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். கதையின் குறையே அதுதான்.

சாலமோன் முதல் பந்தியில் உட்கார்ந்தார். சித்தி அந்தோணிமேரி வந்தாள். மார்பில் அடித்துக்கொண்டாள். வாயசைவிலிருந்தே தெரிந்தது, "அய்யோ என் ராசா" பிசகாமல் வந்தது. சாலமோன் ரூத்தைப் பார்த்தார், ரூத் சாலமோனைப் பார்த்தாள். அவருக்கு அடக்க முடியவில்லை, வெடித்துச் சிரித்துவிட்டார். சித்தி பாதி அழுகையில் கோபித்துக்கொண்டு போனாள். அதன்பின் அவர் இடது கையை இலைமேல் வைத்தார். யாரும் பார்க்கவில்லை. கறித்துண்டு பின்வரிசைக்கு மட்டும் அதிகம் போகிறது என்று ஒரு தகராறு கிளம்பி, எல்லோர் கண்ணும் அங்கே இருந்தது.

[இந்த இடத்துக்கு நான் எழுதிப் பார்த்த முடிவு ஒன்று: பந்தியில் இருந்த எல்லோரும் ஒவ்வொருவராக இடது கையால் சாப்பிடத் தொடங்குகிறார்கள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. ரூத் படித்துவிட்டு, "எங்க ஆளுங்களா? பிரியாணியையா?" என்றாள். விட்டுவிட்டேன்.]

அப்போதுதான் ரகுபதி வந்தார். மாப்பிள்ளை வீட்டு வழியில் அழைப்பு போலிருக்கிறது. பந்தியில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது, சாலமோனுக்கு இடது பக்கம். பரிமாறுகிறவர்கள் அவரை அங்கே உட்கார வைத்துவிட்டார்கள். ரூத் கூட்டுப் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

இடது கையால் சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம், வலது கையால் சாப்பிடுகிறவர் உட்கார்ந்தால் முழங்கை முழங்கையில் இடிக்கும். இடித்தது. இருவரும் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மறுபடி இடித்தது.

ரகுபதி எழுந்தார். பந்தியில் பாதியில் எழுந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போய்விடப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் தன் இலையைச் சோற்றோடு இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு, பின்புறமாகச் சுற்றிப் போய், சாலமோனின் வலப்பக்கத்தில் இருந்தவரைக் கெஞ்சி நகரச் செய்து, அந்த இடுக்கில் உட்கார்ந்தார். இனி இடிக்காது.

உட்கார்ந்ததும் சாலமோனைப் பார்த்து ஏதோ சொன்னார். நீளமாக இல்லை. சாலமோன் வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு ஏதோ பதில் சொன்னார். அதுவும் நீளமாக இல்லை.

10

இப்போது எண்பத்து மூன்று. சாலமோன் அதே தொழிற்சாலையில் ஸ்டோரில் இருக்கிறார். பிரஸ்ஸில் கம்பித் தடுப்பு திரும்ப மாட்டப்பட்டிருக்கிறது. அதை யார் மாட்டச் சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அவருக்கும் ரூத்துக்கும் ஒரு பெண் குழந்தை. ரூத் இன்னும் என் பக்கத்து நாற்காலியில்தான். வீட்டில் வாரத்துக்கு ஒரு சண்டையாவது போடுகிறாள், செங்கமலம் இப்போதெல்லாம் கதவைத் தட்டுவதில்லை.

பந்தியில் சாலமோனும் ரகுபதியும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று ரூத்துக்குத் தெரியாது. "நீ கேக்கவே இல்லையா?" என்றேன்.

"அது அவரோட லைன் சத்யா. நான் ஒட்டுக் கேக்கக் கூடாது."

அவளுடைய தத்துவத்தில் ஆகக் கடினமான பாடம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. நானாக இருந்தால் திரும்பி வரும் பஸ்ஸிலேயே கேட்டுத் தொலைத்திருப்பேன். நான் சாலமோனையே கேட்டும் பார்த்தேன். சிரித்தார். "பந்தியில பேசறத பந்தியிலயே வுட்டுடணும்மா," என்றார்.

ரகுபதி மன்னிப்புக் கேட்டதாக ஒரு முடிவு எழுதினேன். நன்றாக இருந்தது, பொய்யாகவும் இருந்தது. சாலமோன் சுருக்கென்று ஒன்று சொல்லி ரகுபதி தலைகுனிந்ததாக ஒன்று எழுதினேன். அது எனக்குப் பிடித்த முடிவு. ஆகவே நம்பக் கூடாது. "உப்பு கம்மி", "ஆமா" என்று இரண்டே சொல்லாக ஒன்றும் எழுதிப் பார்த்தேன். மூன்றில் எதையும் அச்சுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. ஆகவே இடத்தை அப்படியே விடுகிறேன்.

ரகுபதி: [                    ]

சாலமோன்: [                    ]

உங்களுக்குத் தெரிந்த மனிதர்களை வைத்து நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்து நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன், அது நான் என் காதால் கேட்டது. பாட்டு முடிந்து ரெக்கார்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். சாலமோன் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். கட்டைவிரல் மட்டும் இருக்கும் வலது கையை எல்லோருக்கும் தெரியும்படி நீட்டி, ரகுபதியின் இலையைக் காட்டினார்.

"இங்க இன்னும் கொஞ்சம் போடுப்பா."